சித்தி வீட்டுத் தண்ணீர்

மூத்தவளுக்குப் பொறாமை. பூசி மெழுகுவானேன், அப்பட்டமான பொறாமைதான். யார்மேல்? சொந்த ஓரகத்திமேல். எதற்கு? நகைக்கா, வீட்டுக்கா, புருஷன் சம்பளத்துக்கா? ஒரு பாட்டில் தண்ணீருக்கு.

சிரிக்க வேண்டாம். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சிரித்துக்கொள்ளலாம்.

மூத்தவள் வேலை பார்ப்பது நகரத்துக் குடிநீர் நிலையத்தில், பரிசோதனைக் கூடத்தில். பத்தொன்பது வருஷமாக, ஊர் குடிக்கப்போகும் தண்ணீரை ஊருக்கு முன்னால் பார்த்து, 'சரி, திறந்துவிடலாம்' என்று கையெழுத்துப் போடுகிறவள் அவள். அவள் கையெழுத்து விழாமல் பெரிய தொட்டியிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகாது. கொழுந்தன் அவளைக் 'குளோரின் அண்ணி' என்று கேலி செய்வான். வெளியே முறைப்பாளே தவிர, உள்ளூர அவளுக்கு அதில் பெருமைதான். அப்படிப்பட்டவளுடைய ஒரே மகள், பதினாறு வயசு, வீட்டுக் குழாய்த் தண்ணீரை நாக்கில் வைப்பதில்லை. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி, முதல் மாடியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய், கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறாள். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

சித்தி என்கிற இளையவள் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பேர் எழுதுகிறவள். நல்லவள்தான். அதுதான் மூத்தவளுக்குப் பெரிய தொல்லையே. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். இளையவளுக்குப் பத்து வருஷமாக ஒற்றைத் தலைவலி. பார்க்காத டாக்டர் இல்லை, விழுங்காத மாத்திரை இல்லை. யாரோ சொன்னார்கள் என்று, ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் கசியும் ஊற்றுத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தாள். தலைவலி போய்விட்டது. ஊற்றுத் தண்ணீரால் போனதா, ஞாயிற்றுக்கிழமைதோறும் மலைப்பக்கம் போய்க் காற்று வாங்கியதால் போனதா, யாருக்குத் தெரியும். போனது போனதுதான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீருக்குத் தனிச் சட்டம். பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகள். பிளாஸ்டிக் கூடாது. ஃப்ரிட்ஜ் கூடாது. முக்கியமாக நெருப்புக் கூடாது. காய்ச்சின தண்ணீர் செத்த தண்ணீராம், குழாய்த் தண்ணீர் மருந்தடிச்ச தண்ணீராம், ஊற்றுத் தண்ணீர்தான் உயிருள்ள தண்ணீராம். உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். மதியத்துக்குள் இரண்டு லிட்டர், சாயங்காலம் ஒன்றரை. குடிக்குமுன் தண்ணீரிடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்.

மகள் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்து, அட்சரம் பிசகாமல் செய்தாள். காலையில் ஜன்னலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதற்குள் பார்த்து "நன்றி" என்று சொல்வாள். மூத்தவள் அடுப்படியிலிருந்து இதைப் பார்ப்பாள். பதினாறு வருஷம் சோறு போட்டு, துணி துவைத்து, காய்ச்சலில் கண்விழித்து உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு நாள் கிடைக்காத வார்த்தை, முதல் மாடித் தண்ணீருக்குத் தினம் ஏழு தடவை கிடைக்கிறது.

இந்த மகள்தான் ஆறு வயசில் பள்ளி விட்டதும் நேராகப் பரிசோதனைக் கூடத்துக்கு வருவாள். சோதனைக் குழாயில் மாத்திரையைப் போட்டு ஆட்டி, தண்ணீர் நிறம் மாறினதும், "அம்மா, ரோஸ் ஆயிடுச்சு" என்று கூடமே அதிரக் கத்துவாள். இப்போது ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமல், அம்மா ஊருக்கே மருந்து ஊற்றுவதாகச் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருகிறது என்பதுபோலச் சொன்னாள். மூத்தவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

போதாக்குறைக்குப் புருஷன் வேறு. தம்பி பெண்டாட்டி முகத்தில் இப்போதெல்லாம் என்ன ஒரு பளபளப்பு என்று, நேரம் காலம் தெரியாமல் வாயை விட்டான். ஒரு வாரத்துக்கு அவனிடம் 'ம்', 'ம்ஹும்' தவிர அவள் பேசவில்லை. எதற்கென்று அந்த மனுஷனுக்குக் கடைசிவரை புரியவுமில்லை.

அந்த வாரத்தில்தான் மூத்தவள் முடிவெடுத்தாள். அந்தத் தண்ணீரைச் சோதித்துவிடுவது என்று. அதில் நியாயமும் இருந்தது. மலையடிவாரத்து ஊற்றில் ஆடு மாடு இறங்கும், மனுஷர்கள் கால் கழுவுவார்கள். கொதிக்காத, குளோரின் போடாத தண்ணீரைப் பிள்ளை தினம் மூன்றரை லிட்டர் குடிக்கிறாள். பெற்றவளுக்குக் கவலை வராதா? வந்தது. பத்தில் மூன்று பங்கு கவலை, ஏழு பங்கு பொறாமை. அளவு சொல்வதில் மட்டும் அவள் அதுவரை பொய் சொன்னதில்லை.

மறுநாள் காலை மகள் குளிக்கப் போயிருந்தாள். சித்தி வீட்டுப் பாட்டில் சாப்பாட்டு மேஜைமேல், பாதி நிறைந்து, ஒரு மகாராணி மாதிரி நின்றது. மூத்தவள் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மாதிரி எடுக்கும் புட்டிகள் இரண்டு, பரிசோதனைக் கூடத்திலிருந்து கொண்டுவந்தவை, அவள் பையில் இருந்தன. உள்ளே எதுவும் உயிரோடு இல்லாதபடி சுத்தம் செய்து, வாயைக் காகிதத்தால் சுற்றிக் கட்டிய புட்டிகள்.

மாதிரி எடுக்கும் முறையை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையைக் கழுவ வேண்டும். மூடியைச் சுண்டுவிரலால் வளைத்துப் பிடிக்க வேண்டும். புட்டியின் வாயில் எதுவும் படக்கூடாது. பட்டால் அந்தப் புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுக்க வேண்டும். கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவன், சட்டைக் கை லேசாக உரசியதை மறைத்தான் என்பதற்காக, மறுபடி அத்தனை தூரமும் போய் எடுத்துவா என்று வெயிலில் துரத்தியவள் அவள்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவசரத்தில் கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு, கழுவாத கையால் புட்டியைத் திறந்து, தண்ணீரைச் சரித்தாள். கட்டைவிரல் புட்டியின் வாய்க்குள் இருந்தது. ஈரமான, தொட்டித் துணியைப் பிழிந்த கட்டைவிரல். தண்ணீர் அதன்மேல் வழிந்துதான் உள்ளே போனது.

பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். இன்னொரு புட்டி பையில் இருந்தது. கையைக் கழுவ அரை நிமிஷம் போதும். விரலை எடுக்காமல் புட்டி நிரம்பும்வரை பிடித்துக்கொண்டு, அப்புறம் மூடியை இறுக்கிப் பைக்குள் போட்டாள். மகள் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது அம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் அந்தத் தண்ணீரை, கிருமி இருந்தால் வளரவிடுகிற ஊதா நிறச் சத்துநீரில் கலந்து சூட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். ஒரு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். ஊதாவாகவே இருந்தால் தண்ணீர் நல்லது. மஞ்சளாகிவிட்டால் உள்ளே கிருமி. அன்று வீட்டில் எதிலும் அவளுக்கு மனம் ஒட்டவில்லை. மறுநாள் சூட்டுப் பெட்டியைத் திறந்தபோது பளிச்சென்று மஞ்சள். முதலில் வந்தது சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம். அதன் பின்னாலேயே கட்டைவிரல் ஞாபகம் வந்தது. 'அதனால ஒண்ணும் இருக்காது, ஊற்றுத் தண்ணி எப்படியும் அப்படித்தான் இருக்கும்' என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். ஒரு வெள்ளைத் தாளில் முடிவை எழுதினாள். அலுவலக முத்திரை வைக்க மனசு வரவில்லை. கையெழுத்து மட்டும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு குடும்பமும் மூன்றாம் மாடியில் கூடியிருந்தபோது தாளை எடுத்துப் படித்தாள். குடிக்கத் தகுதியற்றது, மலக்கிருமி இருக்கிறது என்று நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. கொழுந்தன் சிரிக்கப் பார்த்து, யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். இளையவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நிஜமாவாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மூத்தவள் பதில் சொல்லுமுன் மகள் முந்திக்கொண்டாள். "அம்மா ரிப்போர்ட்ல பொய் வராது சித்தி."

இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் தவம் கிடந்தாள். ஆனால் கேட்டபோது எங்கோ சுருக்கென்றது. இளையவள் எழுந்து கீழே போய்ப் பன்னிரண்டு ஜாடியையும் சாக்கடையில் கொட்டிவிட்டாள் என்றும், இனிமேல் தண்ணீருக்கு இங்கே வராதே என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டாள் என்றும் பிற்பாடு தெரிந்தது.

அன்று மகள் வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்துக் குடித்தாள். நின்றுகொண்டே, நன்றி கின்றி எதுவும் சொல்லாமல். மூத்தவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த மூன்று நாளும் தனி ராஜ்ஜியம்தான். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எத்தனை டிகிரியில் வைப்பீர்கள், மஞ்சளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் பழையபடி கேட்டாள். மூத்தவள் சலிக்காமல் பதில் சொன்னாள். இரண்டு மாடிக்குக் கீழே ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதை நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தாள். நினைத்துவிட்டு, 'கிடக்கட்டும்' என்று இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இளையவள் பரிசோதனைக் கூடத்து வாசலில் வந்து நின்றாள். கிளினிக் உடையைக்கூட மாற்றவில்லை. கண் வீங்கியிருந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மூத்தவள் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். தண்ணிய எவ்வளவு நேரம் கொதிக்க வெச்சா கிருமி சாகும்?"

மூத்தவளுக்குப் புரியவில்லை. உன் வீட்டில்தான் நெருப்பே ஆகாதே, எதைக் கொதிக்க வைத்தாய் என்று கேட்டாள்.

இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். மெதுவாக, விட்டுவிட்டுச் சொன்னாள். அவள் குடிப்பது பச்சை ஊற்றுத் தண்ணீர்தான், அவள் புருஷன் குடிப்பதும் அதுதான். ஆனால் பாப்பா, மூத்தவளின் மகள், முதல் நாள் வந்து பாட்டிலை நீட்டியபோது பச்சைத் தண்ணீரை ஊற்ற மனசு வரவில்லை. அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் எழுந்து, பாப்பாவுக்கு மட்டும் தனியாகக் காய்ச்சி, ஆறவைத்து, நீல மூடி ஜாடியில் ஊற்றி வைக்கிறாள். யாருக்கும் தெரியாது. புருஷனுக்கே தெரியாது. வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும், உயிருள்ள தண்ணீர் என்று வாய் கிழியப் பேசினவள்தானே என்று.

"எனக்கு அந்தத் தண்ணி மேல நம்பிக்கை இருக்குக்கா. ஆனா உங்க பொண்ணை வெச்சுப் பாக்குற அளவுக்கு இல்ல. அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா உங்க முகத்துல எப்படி முழிப்பேன்? இப்ப பாருங்க, காய்ச்சியும் கிருமி இருக்குன்னா, நான்தான் சரியா காய்ச்சல. இத்தனை மாசமா பிள்ளைக்கு விஷத்தையா குடுத்துட்டு இருந்திருக்கேன்?"

அந்த நொடியிலும் மூத்தவளுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. பொறாமைதான். பிள்ளையைத் தட்டிப் பறித்ததோடு நிற்காமல், அந்தப் பிள்ளைக்காக விடிகாலையில் அடுப்பு மூட்டி, தன் கொள்கையையே தூக்கிக் காய்ச்சியிருக்கிறாள். இதில்கூட இவள்தான் ஒரு படி மேலே போக வேண்டுமா? தான் பிள்ளைக்காக என்ன செய்தோம்? கட்டைவிரலை வைத்தோம்.

வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொதி வந்தபின் ஒரு நிமிஷம் போதும், ஜாடியை மூடி வை, நீங்களும் இனி காய்ச்சியே குடியுங்கள் என்று, குனிந்த தலை நிமிராமல் சொல்லி அனுப்பினாள். இளையவள் அவள் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது மூத்தவள் கையில் இரண்டு உண்மை இருந்தது. ஒன்று, இளையவள் காய்ச்சின தண்ணீரை உயிருள்ள தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தாள் என்பது. அதைச் சொன்னால் மகள் இந்த ஜென்மத்தில் சித்தி முகத்தில் விழிக்கமாட்டாள். இன்னொன்று, கட்டைவிரல். அதைச் சொன்னால் மகள் தன் முகத்தில் விழிக்கமாட்டாள். முதலாவதை மட்டும் சொன்னால்? அதுவும் உண்மைதானே, பொய் இல்லையே? இறங்க வேண்டிய நிறுத்தம் வரும்வரை அந்த ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எப்படி ஆரம்பிப்பது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

வீட்டில் மகள் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"சித்தி என்னைப் பத்திக் கொஞ்சம்கூட யோசிக்கலல்லம்மா? அவங்களுக்கு என்மேல அக்கறையே இல்லபோல."

மூத்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பேருந்தில் ஒத்திகை பார்த்ததெல்லாம் தொண்டையில் தயாராக இருந்தது. ஒரு வார்த்தை போதும். காரியம் முடிந்துவிடும்.

"அந்த ரிப்போர்ட் தப்பு," என்றாள். "சித்தி தண்ணியில ஒண்ணும் இல்ல. நான் கை கழுவாம எடுத்தேன். என் விரல் புட்டிக்குள்ள இருந்துச்சு."

மகள் புத்தகத்தை மூடினாள். ஆறு வயசிலிருந்து அந்தக் கூடத்தில் வளர்ந்தவள். விரல் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கும் தெரியும்.

"தெரியாம பட்டதா, தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"நீ அவ வீட்டுக்கு ஓடுறது எனக்குப் பொறுக்கல."

மகள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். மேலதிகாரியின் திட்டு, இடமாற்றம், எதையும் மூத்தவள் தாங்கிக்கொள்வாள். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. அப்புறம் மகள் எழுந்து, கதவைச் சாத்தாமல், படியிறங்கிப் போனாள். முதல் மாடிக் கதவு திறக்கும் சத்தமும், சித்தி என்ற ஒரு அழுகைக் குரலும் மேலேவரை கேட்டன. மூத்தவள் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டாள்.

அரை மணி கழித்து இளையவள் மேலே வந்தாள். உள்ளே வரவில்லை, நிலைப்படியில் நின்றாள்.

"என்னோடதையும் சொல்லிட்டீங்களாக்கா?"

"இல்ல."

இளையவள் அதை நம்பலாமா என்று கொஞ்சம் பார்த்தாள். "எனக்கு உங்கமேல ரொம்பக் கோவம். மூணு நாள் ஒரு வாய்த் தண்ணி குடிக்கக்கூடப் பயந்து அழுதிருக்கேன்," என்றாள். மூத்தவள் மன்னிப்புக் கேட்டாள். அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. இளையவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மகள் எட்டு நாள் பேசவில்லை. கேட்டால் பதில், அவ்வளவுதான். இதற்கு நடுவில் மூத்தவள் ஒரு காரியம் செய்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்த பச்சை ஊற்றுத் தண்ணீரை, இளையவளை அருகில் வைத்துக்கொண்டே, கையைக் கழுவி, முறைப்படி எடுத்துச் சோதித்தாள். அது மஞ்சளாகத்தான் ஆனது. புட்டியை அப்படியே கொண்டுபோய் இளையவளிடம் காட்டினாள், ஜெயித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாமல். இளையவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து, வேறு யாருக்கும் தெரியாமல், முதல் மாடியில் எல்லாருக்குமே காய்ச்சின தண்ணீர்தான். மலைக்குப் போவது நிற்கவில்லை, ஜாடிகள் நிற்கவில்லை, உயிருள்ள தண்ணீர் என்ற பேரும் நிற்கவில்லை. கொழுந்தன் தன் உடம்பில் புதுத் தெம்பு வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மகள் பாட்டிலோடு மேலே வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வழக்கம்போல் நன்றி சொல்லிக் குடித்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, பாட்டிலை அம்மா பக்கம் நீட்டினாள்.

"நீயும் குடிச்சுப் பாரு. அப்பதான் உனக்கு வித்தியாசம் தெரியும்."

மூத்தவள் வாங்கி, அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வாய் குடித்தாள். நன்றாகக் காய்ச்சி, மூடிவைத்து ஆறின தண்ணீர். சப்பென்று இருந்தது. பத்தொன்பது வருஷம் தண்ணீரோடு வாழ்ந்தவளுக்கு இது தெரியாதா?

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"சித்தியாலதான்மா இப்படிக் குடுக்க முடியும்," என்றாள் மகள். முகமெல்லாம் பூரிப்பு.

மூத்தவளுக்கு நெஞ்சுக்குள் எரிந்தது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. அதையும் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினாள்.

"நாளைக்கும் போவியா?"

"போவேன்."

"போ," என்றாள் மூத்தவள். "போறப்ப ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போ."